மணிக்குத் தாய்மாமன் யார்?

வேலாங்காட்டுப் பள்ளிக்கூடத்துக்கு மணி அடித்தது நாமக்கல் பஸ்தான். சிரிக்காதீர்கள், நிஜமாகவே அப்படித்தான். காலையில் சேலத்திலிருந்து கிளம்பும் பஸ் புதுச்சத்திரம் வளைவில் வந்ததும் டிரைவர் ஹாரனை ஓங்கி அழுத்துவார். அந்தச் சத்தம் சோளக்காடுகளைத் தாண்டிப் போகும். தோட்டத்து வீடுகளில் இருக்கிற தாய்மார்கள் காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருந்து, "பஸ்ஸு போயிருச்சு, பள்ளிக்கொடத்துக்கு ஓடு சாமி" என்று பிள்ளைகளை விரட்டுவார்கள். பஸ் நேரத்துக்கு வந்தால் பள்ளிக்கூடமும் நேரத்துக்கு நடக்கும். பஸ் ராசிபுரத்தில் பஞ்சராகி நின்றுவிட்டால் அன்றைக்குப் பள்ளிக்கூடமும் பஞ்சர்தான்.

வேறு என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். அந்தப் பக்கம் வீடுகள் தெருத்தெருவாகக் கூடி நிற்பதில்லை. அவரவர் காட்டில், அவரவர் கிணற்றடியில், ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் நடுவே ஓர் ஆட்டு மந்தை மேய்கிற தூரம் இருக்கும். கடிகாரம் யார் வீட்டிலும் கிடையாது. பள்ளிக்கூட வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது உண்மைதான். அதைத் தட்டினால் பக்கத்துக் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்கிறவனுக்குக் கேட்கும். அவனோ பேரன் எடுத்தவன், பள்ளிக்கூடம் வரப்போவதில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தின் பெரிய டீச்சர் மரியபுஷ்பம். அவள் பெரிய டீச்சராக இருந்ததற்குக் காரணம், அங்கே வேறு டீச்சரே இல்லை என்பதுதான். சேலத்தில் கன்னியாஸ்திரிகளின் அநாதை மடத்தில் வளர்ந்தவள். அப்பன் ஆத்தாள் யாரென்று அவளுக்குத் தெரியாது. மடத்திலேயே படித்து, டிரெயினிங் முடித்து, ஒரு தகரப்பெட்டியோடு வேலாங்காட்டில் வந்து இறங்கினாள். ஓடு வேய்ந்த ஒற்றைக் கூடம். கிழக்குக் கோடியில் பீடம், அதற்கு முன்னால் ஒரு நீலத்திரை. ஞாயிற்றுக்கிழமை திரையை விலக்கினால் அது கோயில், திங்கட்கிழமை திரையை இழுத்துவிட்டால் அது பள்ளிக்கூடம். வேதக்காரர் என்று சொல்லும் கிறிஸ்தவர் வீடு ஊரில் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான் இருந்தது. படிக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் குடியானவர், கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு அந்த நீலத்திரைமேல் ஏகப்பட்ட பயபக்தி. திரை காற்றில் அசைந்தால் வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் சொல்லுவார்கள். மரியபுஷ்பமும் அதைக் கெடுக்கவில்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். வந்த நாளைப் பாருங்கள், அன்றைக்குத்தான் பஸ் மல்லூரில் அச்சு முறிந்து நின்றுபோனது. ஹாரன் கேட்கவில்லை, பிள்ளைகள் வரவில்லை. கூடத்தில் மரியபுஷ்பமும், வெயிலுக்கு ஒதுங்கிய ஒரு நாயும்தான். இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்து நெடுநேரம் வாசலையே பார்த்தார். "பஸ் வரலீங்க ஐயா" என்று அவள் சொன்னாள். "பஸ்ஸுக்கும் பாடத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்டார் அவர். அவள் விளக்கினாள். விளக்க விளக்க அது இன்னும் கேவலமாகிக்கொண்டே போனது. "பொங்கல் கழிச்சு திரும்ப வருவேன். அன்னைக்கும் இப்படி இருந்தா பள்ளிக்கூடத்தை மூடச் சொல்லித்தான் நான் எழுத வேண்டி வரும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தார்.

இந்த நேரத்தில்தான் கப்பலேறி ஒரு மணி வந்தது. எந்தச் சீமையிலோ ஒரு புண்ணியவான் பங்குக்கென்று அனுப்பிய வெண்கல மணி. வைக்கோல் சுற்றி, மரப்பெட்டியில் வைத்து, பங்குச்சாமியாரின் பங்களா வராந்தாவில் கிடந்தது. சாமியார் பெயர் சின்னப்பராஜ். நல்ல மனுஷர்தான், ஆனால் சடங்குப் புத்தகத்தில் இருக்கிற கமாவைக்கூடத் தாண்ட மாட்டார். மரியபுஷ்பம் பெட்டியோரமாகக் குனிந்து, வைக்கோலை விலக்கி, விரலை மடக்கி லேசாகத் தட்டிப் பார்த்தாள். அவ்வளவு சின்னத் தட்டுக்கே அது முனகிய முனகல் தோள்வரை ஏறியது. அந்தக் கணமே அவள் மனதில் முடிவாகிவிட்டது. இது வேலாங்காட்டில் தொங்கினால் எல்லாத் தோட்டத்துக்கும் கேட்கும். பஸ் எக்கேடு கெட்டால் என்ன, பிள்ளைகள் வருவார்கள், பள்ளிக்கூடம் பிழைக்கும்.

"எங்களுக்குக் குடுங்க சாமி" என்று கேட்டாள்.

"மேட்டுப்பட்டிக்காரங்களும் கேக்கிறாங்க புஷ்பம். அங்க வேதக்காரங்க வீடு நெறைய. உங்க ஊருல மணி அடிச்சா காதுகொடுக்க யாரு இருக்கா?" என்றார் சாமியார். அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கும் இரக்கம் வந்திருக்க வேண்டும். "சரி, சவேரியார் திருநாளன்னைக்கு உங்க ஊருலயே வெச்சு மணியை மந்திரிக்கிறேன். ஊர் கூடி வந்தா மணி அங்கயே நிக்கும். நீயும் உபதேசியாரும் மட்டும் நின்னீங்கன்னா, அதே வண்டியில மேட்டுப்பட்டிக்கு ஏத்தி விட்டுருவேன்" என்றார்.

மணியை மந்திரிப்பது என்றால் சும்மா தண்ணீர் தெளிப்பதல்ல. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற மாதிரியே, மணியைக் கழுவி, எண்ணெய் பூசி, தூபம் காட்டி, ஒரு பெயரும் வைப்பார்கள். ஞானத்தாய் உண்டு. அன்னம்மாள் என்று பெயர் வைப்பதாகவும், மரியபுஷ்பமே ஞானத்தாயாக நிற்பதாகவும் பேச்சாயிற்று.

அன்றிலிருந்து அவள் தோட்டம் தோட்டமாக நடந்தாள். சோளத்தட்டை அறுத்துக்கொண்டிருந்தவர்களையும், கட்டுத்தரையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தவர்களையும், எவரையும் விடவில்லை. "மணிக்குப் பேரு வெக்கிறோம், வந்துருங்க" என்று அழைத்தாள். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். வேதக்கோயில் விசேஷத்துக்கு நாம் எதற்கு என்று கண் சொன்னது.

கடைசியாகப் பச்சமுத்துவின் தோட்டம். அவரிடம் போக அவளுக்கே கொஞ்சம் உதறல்தான். வாயைத் திறந்தால் வெடுக்கென்றுதான் பேச்சு. மகள் அங்காளம்மாளைப் பள்ளிக்கூடம் அனுப்பச் சொல்லி அவள் பலமுறை நடந்துவிட்டாள். "ஆட்டை நீங்க வந்து மேச்சுக் குடுக்கறீங்களா டீச்சரம்மா?" என்பதுதான் ஒவ்வொரு முறையும் கிடைத்த பதில். ஆனால் அந்த வட்டாரத்தில் அவர் ஓரடி எடுத்து வைத்தால் பங்காளிகள் அத்தனை பேரும் பின்னால் வருவார்கள்.

அவர் கிணற்று மேட்டில் உட்கார்ந்து வடக்கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டார். கை நிற்கவில்லை.

"மணிக்குப் பேரு வெப்பீங்களா?"

"ஆமாங்க. கொழந்தைக்குச் செய்யற மாதிரியே எல்லாம் செய்வோம்."

"ஆத்தா யாரு?"

"ஞானத்தாய் நான்தானுங்க."

"அப்ப தாய்மாமன் யாரு?"

அவள் முழித்தாள். "அப்படியெல்லாம் இல்லீங்க" என்றாள்.

கயிறு முறுக்கிய கை நின்றது. "அதென்னுங்க இல்லீங்கறது. மாமன் இல்லாம யாராச்சும் புள்ளைக்குப் பேரு வெப்பாங்களா? ஆத்தா நீங்கன்னா உங்க கூடப்பொறந்தவந்தான மாமன். அவரு எங்க இருக்காரு?"

"எனக்குக் கூடப்பொறந்தவங்க யாரும் இல்லீங்க. மடத்துல வளந்தேன்."

பச்சமுத்து கயிற்றைக் கீழே வைத்துவிட்டு எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். அவருடைய மனைவி பழனியம்மாள்தான் மோர் கொண்டுவந்து கொடுத்து, "போச்சாதுங்க, அவரு அப்படித்தான்" என்று சமாதானம் சொன்னாள். மரியபுஷ்பம் மோரைக் குடித்துவிட்டு நடந்தாள். அவள் வாழ்க்கையில் அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. வரப்பு முழுக்க அது கூடவே வந்தது.

திருநாள் காலை. வேப்பமரத்தடியில் பனங்கழிகளை நட்டுக் கட்டி, குறுக்கே ஒரு உத்தரம் போட்டிருந்தார்கள். கோயிலைக் கவனித்துக்கொள்கிற உபதேசியார் சவரியார் வண்டியிலிருந்து மணியை இறக்கி, கோரைப் பாயில் வைத்தார். காலை வெயில் பட்டதும் அது புதுத் தங்கமாக மினுமினுத்தது. சின்னப்பராஜ் சாமியார் அங்கி மாட்டி, புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு, சட்டைப்பைக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். எதிரே வேதக்காரர் வீட்டு ஜனம் கொஞ்சம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கொஞ்சம். அவ்வளவுதான் கூட்டம். தோட்டத்து ஆட்கள் ஒருத்தரையும் காணோம்.

நேரம் போனது. நாமக்கல் பஸ்கூட ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. மரியபுஷ்பம் பாதையைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனாள். சவரியார் மெல்ல வந்து, "டீச்சர், மாட்டை அவுக்கட்டுமா, இப்படியே பூட்டி வெக்கட்டுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? மணி போகட்டும், வெண்கலம்தானே. ஆனால் இந்தக் கூடம்? பொங்கல் கழித்து வரப்போகிற அந்தச் சைக்கிள்? பாயில் கிடந்த மணியைப் பார்க்க அவளுக்குத் தன் பிள்ளையை யாரோ தூக்கிக்கொண்டு போகப்போகிற மாதிரி இருந்தது.

"சரி புஷ்பம், ஆரம்பிப்போம்" என்றார் சாமியார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

அப்போது வேலியோரம் அங்காளம்மாள் வந்து நின்றாள். புதுப்பாவாடை, தலை நிறையக் கனகாம்பரம். ஆட்டுக்காரப் பெண்ணுக்குக் காலை வேளையில் இதென்ன கோலம்?

"டீச்சரு, எங்கப்பன் கேட்டுட்டு வரச் சொன்னாருங்க. ஏன் இன்னும் ஆரும் வரலீன்னு."

"யாரு, எங்க வரணும்?"

"எல்லைக்குத்தானுங்க. புளியமரத்தடியில விடியறதுலருந்து சீரோட நிக்கறாங்க. காலு வலிக்குதுன்னு பெரியாத்தா ஒக்காந்துக்கிச்சு."

"அங்க ஏன் நிக்கிறாங்க? நேரா வர வேண்டியதுதானே?"

அங்காளம்மாள் அவளை விநோதமாகப் பார்த்தாள். இவ்வளவு படித்த டீச்சருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற பார்வை. "மாமன் சீரு அழைக்காம எப்படிங்க உள்ள வரும்?" என்றாள்.

மரியபுஷ்பத்துக்கு அப்போதுதான் விளங்கியது. அவளுக்கு யார் சொல்லித் தந்திருப்பார்கள்? மடத்தில் எந்தப் பிள்ளைக்கு மாமன் சீர் வந்தது, போய் எதிர்கொண்டு அழைத்துவர? இவள் இங்கே வரவில்லையே என்று காத்திருக்க, அவர்கள் அங்கே கூப்பிட வரவில்லையே என்று காத்திருந்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அவமானப்பட்டுத் திரும்பிப் போயிருப்பார்கள், மணியும் வண்டியேறியிருக்கும்.

அவள் சாமியாரிடம் ஓடினாள். மூச்சு வாங்கச் சொன்னாள்.

"தாய்மாமனா? மணிக்கா?" சாமியார் புத்தகத்தைப் புரட்டினார். "புத்தகத்துல அப்படி ஒண்ணும் இல்லையேம்மா."

"கூடாதுன்னு போட்டிருக்கா சாமி?"

அவள் அவரை எதிர்த்து ஒரு சொல் சொன்னது அதுதான் முதல் தடவை. சின்னப்பராஜ் சாமியார் புத்தகத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவருடைய கை தன்னையறியாமல் காது மடலுக்குப் போனது. ஆத்தூர்ப் பக்கத்துப் பிறவி அவர். சின்ன வயதில் குத்தி, குருமடத்துக்குப் போனபின் தூர்ந்துபோன துளை அங்கே இருந்தது. "எனக்குக் காது குத்துனது எங்க மாமன் மடியிலதான்" என்று யாருக்கோ சொல்கிற மாதிரிச் சொன்னார். பிறகு புத்தகத்தை மூடி சவரியாரிடம் கொடுத்தார். "ஒரு சொம்புல தண்ணி எடுத்துக்கோ. நானும் வாரேன்."

பாதை திரும்பியதும் மரியபுஷ்பம் நின்றுவிட்டாள். அடேயப்பா, என்ன கூட்டம். புளியமரத்து நிழல் போதாமல் சாலையோரம் வரைக்கும் ஜனம். சீர் என்பது ஒருத்தன் கொண்டுவருவதா? மாமன் புறப்பட்டால் பங்காளி, பங்காளிக்குப் பங்காளி, பெண் கொடுத்தவன், பெண் எடுத்தவன் எல்லோரும் புறப்பட வேண்டாமா? நாமகிரிப்பேட்டையிலிருந்துகூட ஆள் வந்திருந்தது. பெண்கள் தலையில் மூங்கில் தட்டுகள். தட்டில் தேங்காய், வாழைப்பழம், வெல்லம், பொரி, ஒரு சின்னப் பட்டுத்துணி. முன்னால் பறைமேளம். எல்லோருக்கும் நடுவில் புது வேட்டியும் தலை கொள்ளாத உருமாலையுமாகப் பச்சமுத்து, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு.

மரியபுஷ்பம் சொம்புத் தண்ணீரை இரு கையாலும் நீட்டினாள். என்ன சொல்லி அழைப்பது என்று தெரியவில்லை. "வாங்க" என்றாள்.

"இத்தனை நேரமுங்களா?" என்று கேட்டுவிட்டுப் பச்சமுத்து தண்ணீரை வாங்கிக் குடித்தார். மேளம் எழும்பியது.

பழனியம்மாள் நடந்துகொண்டே அவள் காதில் சொன்னாள்: "அன்னைக்கு நீங்க வந்துட்டுப் போனதுலருந்து மனுசன் சோறு திங்கலீங்க. 'மாமன் இல்லாத புள்ளையா, மாமன் இல்லாத புள்ளையா'ன்னு பொலம்பிக்கிட்டே கெடந்தாரு."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"நான்தான் மாமன், நான் வாரேன்னு எந்த மாமனாச்சும் சொல்லிட்டு வருவாங்களா? மாமன்னா வரத்தானுங்க செய்வான்."

வேப்பமரத்தடியில் பச்சமுத்து நேராகக் கோரைப்பாய்க்குப் போனார். சப்பணம் கூட்டி உட்கார்ந்தார். மடியைத் தட்டிக் காட்டினார். "புள்ளையை வெய்யுங்க" என்றார்.

"அய்யா, அது அரை மூட்டைக் கனம்" என்றார் சவரியார்.

"புள்ளை கனமா இருந்தா நல்லதுதானுங்க. வெய்யுங்க."

சவரியாரும் இன்னொருவரும் தூக்கி வைத்தார்கள். பக்கத்திலேயே தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பச்சமுத்து தலையை ஆட்டி அவர்களை விலகச் சொன்னார். மொத்தக் கனமும் மடியில் இறங்கியபோது அவர் கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டு கையாலும் மணியை வளைத்து அணைத்துக்கொண்டார். பட்டுத்துணியை எடுத்து மணியின் தோளில் போர்த்தினார். ஒரு சத்தம் இல்லை. மேளக்காரன்கூடத் தோளிலிருந்து பறையை இறக்கிவிட்டான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். நீலத்திரைக்குப் பின்னால் இருக்கிறதென்று அவர்கள் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தது வெளியே வந்து பச்சமுத்து மடியில் உட்கார்ந்துகொண்டதோ என்னவோ.

சின்னப்பராஜ் சாமியார் லத்தீனில் ஓதினார். ஒருவருக்கும் புரியவில்லை, எல்லோரும் கைகூப்பினார்கள். தீர்த்தம் மணியில் விழுந்து பச்சமுத்துவின் வேட்டியை நனைத்தது. எண்ணெய் பூசிய கை, முடிக்கும்போது, அந்தக் குடியானவனின் முழங்கையிலும் பட்டது. "அன்னம்மாள்" என்றார் சாமியார். பச்சமுத்து குனிந்து, மணியின் விளிம்பில் வாயை வைத்து, ஒரு காதில் சொல்கிற மாதிரி, "அன்னம்மா" என்றார். மரியபுஷ்பம் ஞானத்தாய் நிற்க வேண்டிய இடத்தில் மணிமேல் கை வைத்து நின்றாள். கண்ணீர் வழிவதைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

மணியை ஏற்றிக் கட்டினார்கள். "மொதல்ல ஆத்தா அடிக்கட்டும்" என்று யாரோ சொன்னார்கள். அவள் கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

அந்த ஓசையை எப்படிச் சொல்ல? அந்த மண்ணில் அப்படியொன்று அதுவரை கேட்டதில்லை. வேப்பமரத்திலிருந்த காக்கையெல்லாம் எழும்பின. ஓசை கூட்டத்தைத் தாண்டி, சோளத்தட்டைக் காட்டைத் தாண்டி, கிணறுகளைத் தாண்டிப் போய், வடக்கே இருக்கிற மொட்டைக் கரட்டுக் குன்றில் மோதித் திரும்பி வந்தது. திரும்பி வந்ததும் ஜனம் மறுபடி ஒருமுறை கைகூப்பியது. பச்சமுத்து உருமாலையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். அந்த வெடுக்கு முகத்தில் அப்போது ஒன்றுமே இல்லை, பச்சைப்பிள்ளையின் முகம்.

சவரியார் சாமியாரிடம் வந்து, "வண்டி?" என்று இழுத்தார்.

"வண்டி எதுக்குங்க?" என்று திரும்பினார் பச்சமுத்து.

"மாட்டை அவுத்துவிடு. இருந்து சாப்பிட்டுட்டுப் போவோம்" என்றார் சாமியார்.

மறுநாள் விடிந்து வெயில் ஏறுமுன்பே மரியபுஷ்பம் கயிற்றைப் பிடித்தாள். மணி அடித்தாள். அடித்துவிட்டு வாசலில் நின்றாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கிழக்கு வரப்பில் ஒரு தலை. மேற்கே கிணற்று மேட்டில் இரண்டு. அப்புறம் திரும்பிய பக்கமெல்லாம் பிள்ளைகள், சிலேட்டுப் பலகையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடிவருகிற பிள்ளைகள். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இத்தனை பேர் இந்தக் காடுகளுக்குள்ளேயா இருந்தார்கள் என்று நினைத்தாள்.

எல்லோருக்கும் கடைசியில் பச்சமுத்து வந்தார். கைப்பிடியில் அங்காளம்மாள். ஆட்டுக்குச்சியை இன்னும் அவள் விடவில்லை. வாசலுக்கு வெளியிலேயே நின்று, எங்கோ பார்த்துக்கொண்டு, வழக்கம்போல வெடுக்கென்றுதான் சொன்னார்.

"மருமவ கூப்புடறா. மாமன் ஊட்டுலருந்து ஆளு வரலீன்னா நல்லாருக்குமா? கூட்டிக்க அம்மிணி."

எப்போதும் டீச்சரம்மா என்பவர் அன்றைக்கு அம்மிணி என்றார். தங்கச்சியை அழைக்கிற அழைப்பு. பிறந்ததிலிருந்து யாரையும் பார்த்துச் சொல்லியிராத ஒரு சொல் மரியபுஷ்பத்தின் வாயில் வந்து முட்டியது.

"உள்ள வாங்கண்ணா" என்றாள்.

அவர் வரவில்லை, ஆட்டை யார் பார்ப்பது என்று முனகிக்கொண்டே மகளின் கையிலிருந்த குச்சியை வாங்கிக்கொண்டு நடந்தார். அங்காளம்மாளைக் கூட்டிக்கொண்டு போய் முதல் வரிசையில் உட்கார வைத்தாள் மரியபுஷ்பம். பாடம் தொடங்கி வெகுநேரம் கழித்துத்தான் நாமக்கல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.